வீட்டு முடக்கில் இரண்டு ஹோன்

பரீனா இரண்டு கைகளையும் காற்றில் விரித்து வைத்துக்கொண்டு கம்பியூட்டருக்கு முன்னால் உட்கார்ந்திருந்தாள். உள்ளங்கை, புறங்கை, விரல் நுனி என்று ஓர் இடம் விடாமல் மருதோண்டி அப்பியிருந்தார்கள். காய்வதற்கு இன்னும் இரண்டு மணித்தியாலமாவது ஆகும். மூக்கு அரித்தால்கூட நான்தான் சொறிந்துவிட வேண்டியிருந்தது.

திரையில் ஒரு சிவப்புக் கார் மலை உச்சியில் நின்று உறுமிக்கொண்டிருந்தது.

"எனக்கு ஏலா. இண்டைக்கு நீயே ஓட்டு," என்றாள்.

"ரெண்டையுமா?"

"ரெண்டையும்தான். அம்புக்குறியும் நீ, பிரேக்கும் நீ. நான் பாத்துக்கொண்டு ஈக்கேன்."

மறுநாள் அவளுக்குக் கல்யாணம். அந்த மலை ரோட்டின் வளைவுகளில் நாங்கள் தாண்டாத முடக்கு ஒன்றே ஒன்றுதான் பாக்கி இருந்தது. அது பாக்கி இருந்ததற்குக் காரணம் நான். அந்த விஷயம் அவளுக்குத் தெரியாது என்றுதான் நெடுநாள் நினைத்துக்கொண்டிருந்தேன்.

கராம்பு அறை

போன கிழமை இந்தப் பத்தியில் நான் உயர்தரம் படித்த முஸ்லிம் பள்ளிக்கூடத்தைப் பற்றி எழுதியிருந்தேன். அதைப் படித்துவிட்டு ஒரு வாசகி, "தேயிலைத் தோட்டத்திலிருந்து மாவனல்லை டவுனுக்குப் போய் அப்படி என்னதான் கற்றுக்கொண்டீர்கள்?" என்று கேட்டு எழுதியிருக்கிறார். நியாயமான கேள்விதான். தமிழ் படித்தேன். அளவையியல் படித்தேன். இந்து நாகரிகத்துக்கு அங்கே ஆசிரியர் இல்லாததால், சுமதி என்று பெயர் வைத்துக்கொண்டு இஸ்லாமிய நாகரிகம் படித்து அதில் நல்ல புள்ளியும் எடுத்தேன். இவற்றோடு, ஓடுகிற காரைப் பின்பக்கத்தால் சறுக்க விட்டு முடக்கைத் தாண்டவும் கற்றுக்கொண்டேன். கடைசியாகச் சொன்னதற்குத்தான் சான்றிதழ் இல்லை.

பரீனா என் பக்கத்து மேசைக்காரி. பரீட்சை எழுதி முடித்து முடிவுக்காகக் காத்திருந்த மாதங்களில், சனிக்கிழமைதோறும் அவள் வீட்டுக்குப் போவேன். "டைப்பிங் பழகப் போறேன்" என்று வீட்டில் சொல்லியிருந்தேன். முழுப் பொய்யில்லை. முதல் இரண்டு சனிக்கிழமை உண்மையாகவே டைப்பிங் பழகினோம்.

அவளுடைய வாப்பா கராம்பு, மிளகு, சாதிக்காய் வியாபாரி. கம்பியூட்டர் இருந்தது வீட்டின் பின்னறையில், சாக்கு மூட்டைகளுக்கு நடுவே. கதிரை ஒன்றுதான். அது பரீனாவுக்கு. நான் மிளகு மூட்டையில் உட்காருவேன். கட்டாரில் வேலை செய்த அவளுடைய நாநா, அவளுக்கு மூத்த அண்ணன், லீவில் வந்தபோது வாங்கி வைத்துவிட்டுப் போன கம்பியூட்டர் அது. அதற்குள்ளேதான் அந்தக் கார் விளையாட்டு இருந்தது.

பின்னேரம் வீடு திரும்பினால் என் சட்டையெல்லாம் கராம்பு மணக்கும். அப்பா மூக்கைச் சுளித்துக்கொண்டு கேட்பார்.

"ஏம்மா, டைப்பிங் கிளாஸ்ல கராம்பு காயப்போடுறாங்களா?"

இன்றைக்கும் கறிக்குக் கராம்பு தாளிக்கும்போது எனக்குக் கண் கலங்கிவிடும். வெங்காயம் உரித்ததால் என்று வீட்டில் சொல்லிவைத்திருக்கிறேன்.

மலை ரோடு

எந்த நாட்டு மலையோ, தெரியாது. உச்சியிலிருந்து கீழே இறங்குகிற ரோடு. ஒரு பக்கம் மதில், மறுபக்கம் பள்ளம். பதினொரு முடக்கு. ஒவ்வொரு முடக்கையும் காரைச் சறுக்கவிட்டபடியே தாண்ட வேண்டும். மதிலில் உரசினாலும் பள்ளத்தில் விழுந்தாலும் திரும்ப உச்சிக்குப் போய் முதலிலிருந்து தொடங்க வேண்டும்.

சறுக்குவது கேட்பதற்கு லேசு. வலது முடக்கு வந்தால் வேகத்தைக் குறைக்கக் கூடாது. வலது அம்புக்குறியை அழுத்தி, அதே நேரம் நீளமான ஸ்பேஸ் கட்டையை ஒரு தட்டுத் தட்ட வேண்டும். அதுதான் ஹேண்ட் பிரேக். உடனே காரின் பின்பக்கம் நழுவும். நழுவியதும் சட்டென்று இடது அம்புக்குறிக்கு மாற வேண்டும். காரின் மூக்கு ஒரு பக்கம் பார்க்க, கார் இன்னொரு பக்கம் போகும். பிந்தினால் சுழன்றுவிடும். முந்தினால் மதில்.

எனக்கு ஒரு முடக்குகூட வரவில்லை. காரணம் என் அப்பா.

அப்பா எங்கள் தோட்டத்துக் கொழுந்து லொறி டிரைவர். மேக்கணக்கு, கீழ்க்கணக்கு என்ற தோட்டத்தின் இரண்டு பிரிவுகளிலிருந்தும் கொழுந்து மூட்டைகளை ஏற்றிக்கொண்டு ஸ்டோருக்கு, அதாவது தேயிலைத் தொழிற்சாலைக்கு, கொண்டுபோய்க் கொட்டுவார். பஸ் வராத நாட்களில் நானும் அவர் பக்கத்தில் உட்கார்ந்துதான் பள்ளிக்கூடத்துக்கு இறங்குவேன். ஒரு லொறி மட்டும் போகக்கூடிய ரோடு. முடக்குக்கு அப்பால் என்ன வருகிறது என்று தெரியாது. அதனால் ஒவ்வொரு முடக்குக்கும் முன்னால் காலை எடுத்துவிட்டு நீளமாக ஒரு ஹோன் அடிப்பார்.

"முடக்குல ரெண்டு லொறி சந்திச்சா ஒரு லொறிதான் வீட்டுக்குப் போகும்," என்பார்.

அப்படிப் பத்து வருஷம் பக்கத்தில் உட்கார்ந்து வந்தவள் நான். அந்த விளையாட்டில் எச் எழுத்தை அழுத்தினால் ஹோன். அது ஸ்பேஸ் கட்டைக்கு நேர் மேலே இருந்து தொலைத்தது. முடக்கைக் கண்டதும் என் கை என்னைக் கேட்காமல் வேகத்தைக் குறைத்து ஹோன் அடிக்கும். அதற்குள் சறுக்குகிற நேரம் போய்விடும்.

பரீனா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிப்பாள்.

"யாருக்குப் புள்ள ஹோன் அடிக்கிற? இந்த ரோட்டுல எங்களத் தவிர ஒரு பூனைகூட இல்ல."

"பழக்கம். கை தானாப் போகுது. நான் என்ன செய்ய?"

அவள் உம்மா குசினியிலிருந்து குரல் கொடுப்பார். "மகள், டைப்பிங்ல ஹோன் எல்லாம் அடிக்குமா?"

"அது பிழை அடிச்சா கத்துற சத்தம், உம்மா," என்று பரீனா சொல்வாள். அதுவும் முழுப் பொய்யில்லை.

அரை டிரைவர்கள்

பரீனாவுக்கும் முழுதாக வரவில்லை. அம்புக்குறிகளில் அவள் விரல்கள் பறக்கும். ஆனால் ஹேண்ட் பிரேக்கை எப்போதும் ஒரு கணம் பிந்தித்தான் தட்டுவாள். வீட்டில் ஒரு வேன் இருந்தாலும் முன் சீட்டில் அவள் உட்கார்ந்ததே கிடையாது. பொம்பிளைப் பிள்ளைகளுக்குப் பின் சீட்டுத்தான். முடக்கு உடம்புக்கு எப்படி வரும் என்று அவளுக்குத் தெரியவில்லை. என் வயிற்றுக்கு அது தெரியும். லொறி திரும்பப் போகிற நேரத்தில் அடிவயிறு லேசாக இழுக்கும். திரையைப் பார்க்கும்போதும் எனக்கு இழுத்தது.

"அப்ப நீ பிரேக்க மட்டும் பிடி. அம்புக்குறி எனக்கு," என்றாள் ஒரு நாள்.

ஒரு கீபோர்டில் இரண்டு பேர். அவள் வலது ஓரம், நான் இடது ஓரம். தோளோடு தோள் இடித்துக்கொண்டு உட்கார்ந்தோம். முதல் முடக்கில் நான் தட்டினேன், அவள் திருப்பினாள். கார் மதிலுக்கு ஒரு சாண் தள்ளிப் புகையைக் கிளப்பிக்கொண்டு வழுக்கிப் போய் நேராக நின்றது. ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம், அவ்வளவுதான்.

அன்று இரவுச் சாப்பாட்டில் அப்பாவிடம் கேட்டேன்.

"அப்பா, பின் டயர் வழுக்குனா ஸ்டியரிங்க எந்தப் பக்கம் திருப்பணும்?"

சோற்றைப் பிசைந்த கை நின்றது. "எந்தப் பக்கம் வழுக்குதோ அந்தப் பக்கந்தான். ஏன், டைப்பிங் கிளாஸ்ல இதெல்லாமா கேக்குறாங்க?"

முடக்குகளுக்குப் பெயர் வைத்தோம். முதலாவது பெரட்டுக்களம், தோட்டத்தில் காலையில் ஆட்களைக் கூட்டி வேலை பிரித்துக் கொடுக்கிற இடத்தின் பெயர். மூன்றாவது கோயில் முடக்கு. அதைத் தாண்டும்போது நான் கன்னத்தில் போட்டுக்கொள்வேன், எங்கள் ரோட்டில் முனியாண்டி இருக்கிற இடத்தில் போட்டுக்கொள்வது போல. ஏழாவது அவளுடைய மாமி வீட்டு முடக்கு. மாமி சரியான பொல்லாதவ. அங்கே அடிக்கடி விழுந்தோம்.

பதினோராவதுக்கு நான்தான் பெயர் வைத்தேன். வீட்டு முடக்கு.

நாங்கள் குடியிருக்கிற லயத்துக்கு, அந்தத் தோட்ட வீட்டு வரிசைக்கு, கீழே அப்படி ஒரு முடக்கு உண்டு. மற்ற முடக்குகளில் அப்பா அடிப்பது நீளமாக ஒன்று. அது எதிரே வருகிறவனுக்கு. லயத்து முடக்கில் மட்டும் குட்டையாக இரண்டு அடிப்பார். அது அம்மாவுக்கு. 'வந்துட்டேன், தண்ணி வை' என்று அர்த்தம். அந்த இரண்டு ஹோன் கேட்டால் அம்மா எந்த வேலையில் இருந்தாலும் விட்டுவிட்டுக் கேத்தலை அடுப்பில் ஏற்றுவார்.

இதைப் பரீனாவிடம் சொன்னபோது அவள் சிரிக்கவில்லை. "நல்லா ஈக்கு," என்று மட்டும் சொன்னாள்.

பஸ்ஸில் வந்த புத்தி

ஹஜ்ஜுப் பெருநாள் கழிந்து கல்யாணம் என்று முடிவாயிற்று. மாப்பிள்ளை நாநாவின் கூட்டாளி. அவருக்கும் கட்டாரில்தான் வேலை. கல்யாணம் முடிந்ததும் இவளும் போய்விடுவாள்.

"போறதுக்கு முன்னுக்கு இந்த மலைய ஒரு தரமாவது எறங்கி முடிக்கணும்," என்றாள் பரீனா. "எனக்கு வேற ஒண்டும் வேணாம். கீழ என்ன ஈக்குன்னு பாக்கணும்."

அதன் பிறகு வெறியாக ஓட்டினோம். சனிக்கிழமைக்குச் சனிக்கிழமை ஒரு முடக்கு, இரண்டு முடக்கு என்று கீழே இறங்கினோம். என் கை ஹோனை மறக்கத் தொடங்கியது. மாமி வீட்டு முடக்கும் வழிக்கு வந்தது. ஒரு சனிக்கிழமை முதல் தடவையாகப் பத்தையும் தாண்டி வீட்டு முடக்குக்குப் போனோம். அங்கே என் கை பழையபடி குட்டையாக இரண்டு ஹோன் அடித்துவிட்டது. கார் பள்ளத்தில். இருவரும் சிரித்துச் சிரித்துக் களைத்தோம்.

"அடுத்த கிழமை முடிச்சிருவோம்," என்றாள் அவள்.

அன்று பின்னேரம் பஸ்ஸில் நின்றுகொண்டு வந்தேன். கண்டக்டர், "இஸ்ஸரஹட்ட யன்ன, இஸ்ஸரஹட்ட யன்ன" என்று எல்லோரையும் முன்னால் தள்ளிக்கொண்டிருந்தார். கம்பியைப் பிடித்தபடி கணக்குப் பார்த்தேன். அடுத்த கிழமை முடித்துவிடுவோம். முடித்த பிறகு? டைப்பிங்கும் இல்லை, விளையாட்டும் இல்லை. கல்யாண வீட்டு அவசரத்தில் தோட்டத்துப் பிள்ளைக்கு அங்கே என்ன வேலை? எதைச் சொல்லிக்கொண்டு போவேன்? எனக்கு அவளைத் தவிர வேறு சினேகிதி இருக்கவில்லை. அவள் போவதை என்னால் தாங்க முடியவில்லை. அதை அவளிடம் சொல்லவும் எனக்கு வாய் வரவில்லை.

மறு சனிக்கிழமை பத்து முடக்கையும் தாண்டினோம். பரீனா மூச்சைப் பிடித்துக்கொண்டாள். வீட்டு முடக்கு வந்தது. என் வயிறு இழுத்தது. தட்ட வேண்டிய நேரம் அதுதான், எனக்கு நன்றாகத் தெரிந்தது. கட்டைவிரலை ஸ்பேஸ் கட்டையிலிருந்து தூக்கினேன். எச் எழுத்தை அழுத்தினேன். நீளமாக ஒரு ஹோன். கார் பள்ளத்தில் விழுந்தது.

"ஐயையோ, திரும்பவும் கை போயிருச்சு," என்றேன்.

பரீனா என்னைத் திரும்பிப் பார்த்தாள். கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு, "பரவால்ல, அடுத்த கிழமை பாப்போம்," என்றாள்.

அடுத்த கிழமையும் அப்படியே செய்தேன். அதற்கடுத்த கிழமையும் செய்தேன். அந்த மூன்று சனிக்கிழமையும் எனக்குக் கிடைத்த லாபம் என்றுதான் அப்போது நினைத்தேன். மடைச்சி.

மருதோண்டி

நான்காவது சனிக்கிழமைதான் கல்யாணத்துக்கு முந்திய நாள். வீட்டுக்குச் சுண்ணாம்பு அடித்திருந்தார்கள். கராம்பு மூட்டைகளைக் கடைக்குக் கொண்டுபோய்விட்டார்கள். பின்னறையில் கம்பியூட்டரும் கதிரையும் மட்டும் இருந்தன. எனக்கு உட்கார மூட்டை இல்லை. வாசலில் தேங்காய் துருவுகிற சத்தம், உறவுக்காரப் பெண்களின் பேச்சு.

அன்றைக்கு முடித்துக் கொடுத்துவிட வேண்டும் என்று நினைத்துக்கொண்டுதான் போனேன். சத்தியமாகத்தான் சொல்கிறேன். பஸ்ஸில் வரும்போதே கட்டைவிரலைத் தொடையில் தட்டிப் பழகிக்கொண்டு வந்தேன். போய்ப் பார்த்தால் இவள் இரண்டு கையிலும் மருதோண்டியோடு உட்கார்ந்திருக்கிறாள். மணப்பெண்ணுக்கு முந்திய நாள் கையில் மருதோண்டி போடுவார்கள் என்பது எனக்குத் தெரியாததா? ஆனாலும் அதை நான் யோசிக்கவில்லை.

கதிரையில் பாதியை எனக்கு விட்டுத் தள்ளி உட்கார்ந்தாள். நான் இரண்டு கையாலும் ஓட்டினேன். இரண்டாவது முடக்கில் விழுந்தேன். அடுத்த தடவை ஐந்தாவதில். பரீனா காதோடு காதாகச் சொல்லிக்கொண்டே வந்தாள். "இப்ப வலது... விடு... இடது, இடது..." அவள் சொல்லச் சொல்ல என் விரல்கள் கேட்டன. எத்தனையாவது தடவை என்று தெரியவில்லை, வீட்டு முடக்கு வரைக்கும் வந்துவிட்டேன்.

வயிறு இழுத்தது. தட்டு என்று எனக்கு நானே சொன்னேன். கை போனது எச் எழுத்துக்கு. குட்டையாக இரண்டு ஹோன்.

கார் பள்ளத்தில் உருண்டது. நான் திரையைப் பார்த்தபடியே இருந்தேன். அழக் கூடாது என்று பல்லைக் கடித்துக்கொண்டிருந்தேன்.

"இண்டைக்குத்தான் நீ உண்மையா ஓட்டின," என்றாள் பரீனா.

ஆறுதலுக்குச் சொல்கிறாள் என்று நினைத்தேன். அப்போது அவள் உம்மா தேத்தண்ணியோடு வந்து, "மகள், இவளுக்குக் குடுங்க, கையால ஒண்டும் தொட ஏலாதே," என்று கோப்பையை என்னிடம் தந்தார். நான் அவள் வாயில் வைத்துக் குடிப்பாட்டினேன். ஊதி ஊதிக் கொடுத்தேன். சொல்லிவிடு, சொல்லிவிடு என்று மனம் அடித்துக்கொண்டது. கோப்பை காலியாகும்வரை சொல்லவில்லை. அதற்குள் அவளை உள்ளே கூப்பிட்டார்கள்.

கம்பியூட்டரை நான்தான் நிறுத்திவிட்டு வந்தேன். பிறகு அதை யாரோ சொந்தக்காரர் வீட்டுக்குக் கொடுத்துவிட்டதாகக் கேள்விப்பட்டேன்.

நேர் ரோடு

பரீட்சை முடிவு வந்தது. கொஞ்ச காலத்தில் எங்கள் பக்கத்துத் தோட்டப் பள்ளிக்கூடத்திலேயே எனக்கு ஆசிரியர் வேலையும் கிடைத்தது. பரீனாவிடமிருந்து இரண்டு கடிதம் வந்தது. நான் மூன்று எழுதினேன். பிறகு அதுவும் நின்றது. அவள் ஒரு தடவை லீவில் வந்துபோனதாக மாவனல்லை பஸ்ஸில் பழைய வகுப்புக்காரி ஒருத்தி சொல்லித்தான் அறிந்தேன். அன்று முழுக்க எனக்கு வகுப்பில் படிப்பிக்க ஓடவில்லை.

சில வருஷம் கழித்து, ஒரு வெள்ளிக்கிழமை பின்னேரம், என் கைப்பேசியில் நீளமான ஒரு நம்பர்.

"டைப்பிங் கிளாஸா?" என்றது ஒரு குரல்.

படியிலேயே உட்கார்ந்துவிட்டேன்.

யாரிடமோ கேட்டு என் நம்பரை வாங்கியிருக்கிறாள். இரண்டு பிள்ளைகளாம். இப்போது கார் ஓட்டுகிறாளாம். அதைச் சொல்லத்தான் எடுத்தாளாம். "ரெண்டு தரம் பெயிலாக்கிட்டானுங்க. மூணாவது தரம்தான் லைசன்ஸ் தந்தாங்க. ஏன் பெயில்னு கேளேன்."

"ஏன்?"

"வளைவக் கண்டா ஹோன் அடிக்கிறேனாம். எல்லாம் உன்ட பழக்கம்."

சிரித்தோம். பிறகு அவள் சொன்னாள். "இங்க முடக்கே இல்ல சுமதி. எங்க போனாலும் நேர் ரோடு. அந்த மலைய நெனச்சுக்கொண்டு ஓட்டுவேன்."

இனியும் சொல்லாமல் இருந்தால் நான் மனுஷியே இல்லை என்று தோன்றியது. "பரீனா, அந்தக் கடைசி முடக்குல நான்..."

"தெரியும்."

"என்ன தெரியும்?"

"கை தானாப் போனா வீட்டு முடக்குல நீ ரெண்டு தரம் அடிப்ப. சின்னதா. அந்த மூணு கிழமையும் ஒரு தரம்தான் அடிச்ச. நீளமா. பொய்யா ஹோன் அடிக்கவும் தெரியாது உனக்கு."

"அப்ப ஏன் ஒண்ணும் சொல்லல?" என்று கேட்டேன்.

"எறங்கி முடிக்கணும்னு ஆச ஈந்திச்சுத்தான். முடிஞ்சா நீ வரமாட்டியே."

அந்தப் பக்கம் கார் ஓடுகிற சத்தம் கேட்டது. வண்டியை ஓட்டிக்கொண்டேதான் இவ்வளவும் பேசியிருக்கிறாள். அப்பா கேட்டால் உதைத்திருப்பார்.

"சரி, வீட்டுக்கிட்ட வந்துட்டேன். கீழதான் நிக்கிறேன். வைக்கப் போறேன், கொஞ்சம் இரு," என்றாள்.

பிறகு கேட்டது. குட்டையாக இரண்டு ஹோன்.

அழைப்பு நின்றுவிட்டது. அவள் இருக்கிற இடத்துக்கும் நான் இருக்கிற இடத்துக்கும் நடுவில் ஒரு கடலே கிடக்கிறது என்று எனக்கும் தெரியும்தான். எழுந்து அடுப்படிக்குப் போனேன். கேத்தலில் இரண்டு பேருக்குத் தண்ணீர் வைத்தேன்.